புளியும் புராதனமும்

நம்முடைய நாட்டில் புளிக்கு இருக்கிற செல்வாக்கு வேறெந்த வஸ்துவுக்கும் கிடையாது. குழம்புக்குப் போட்டது போக மிச்சத்தைக் குத்துவிளக்குக்குப் போடுகிறோம். குத்துவிளக்குக்குப் போட்டது போக மிச்சத்தைச் சரித்திரத்தின் மேல் போட்டுத் தேய்க்கிறோம். முதல் இரண்டு காரியங்களைப் பற்றியும் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. மூன்றாவது காரியத்தைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் சண்டை பிடிக்கப் போகிறேன்.

பழங்காசு சேர்க்கிறவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் கூடினால் மூன்றாவது நிமிஷத்தில் ஒரு கேள்வி பிறக்கும். "காசின் மேல் விரல் பட்டு ரேகை விழுந்துவிட்டது. காசு கெடாமல் அதை எப்படிப் போக்குவது?" கேள்வி மிகவும் நியாயமானது. அதற்குக் கிடைக்கிற பதில்கள்தான் நியாயமானவை அல்ல. புளி என்பார் ஒருவர். எலுமிச்சம்பழம் என்பார் இன்னொருவர். விபூதி, பல்பொடி, சமையல் சோடா, உப்புப் போட்ட வினிகர், பித்தளைப் பாலீஷ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இப்போது கைப்பேசியைத் திறந்தால் இந்த வைத்தியத்தைப் படம் பிடித்தே காட்டுகிறார்கள். கறுத்த காசு உள்ளே போகிறது. கண்ணைப் பறிக்கிற காசு வெளியே வருகிறது. பார்க்கிறவர்களுக்குப் பரம சந்தோஷம். நோயாளியின் தோலை உரித்துவிட்டு, "பாருங்கள், தேமல் போய்விட்டது!" என்று சொல்லுகிற வைத்தியருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் கட்சி இதுதான்: புதிதாக விழுந்த ரேகையைக் காசுக்கு ஒரு கீறலும் இல்லாமல் கழுவிவிடலாம். பழைய ரேகையை யாராலும் கழுவ முடியாது. எடுத்துவிட்டேன் என்று ஒருவர் மார்தட்டினால், ரேகையோடு காசின் மேற்பரப்பையும் சேர்த்து எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். இந்தப் பேதம் தெரியாமல் பழங்காசின் மேல் கை வைப்பது, எழுத்தறியாதவன் ஏட்டுச்சுவடியைச் சுத்தம் செய்யக் கிளம்புவதற்குச் சமானம்.

பொதுப்படையாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. ஆகையால் ஓர் ஊரை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்தைத் தாண்டிச் சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே போனால் கடப்பாக்கம் வரும். அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால் ஆலம்பரை. உப்பங்கழி ஓரத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கோட்டை இடிந்து கிடக்கிறது. விடுமுறை நாட்களில் நகரவாசிகள் காரில் வந்து, இடிந்த சுவரின் மேல் ஏறி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுவருக்குள் ஒரு காலத்தில் பணம் காய்த்தது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியில் ஆலம்பரையில் ஒரு நாணயசாலை இருந்தது. அங்கே அடித்த ரூபாய்க்கு இந்தக் கடற்கரை வியாபாரத்தில் நல்ல மதிப்பு. 1736-ல் பிரெஞ்சுக் கவர்னர் துய்மா, நவாபு தோஸ்த் அலி கானிடம் அனுமதி பெற்றுப் புதுச்சேரியிலேயே ரூபாய் அடிக்கத் தொடங்கினார். தங்கள் வெள்ளியைத் தாங்களே ரூபாயாக்கிக்கொள்ளும் உரிமைக்காக அந்நாளைய கம்பெனிகள் எவ்வளவு பாடுபட்டன என்பதைப் பார்த்தால், நாணயசாலையின் மகிமை புரியும். 1750-ல் முஸாபர் ஜங்குக்குச் செய்த உதவிக்குப் பிரதியாக ஆலம்பரைக் கோட்டையே டூப்ளேயின் கைக்கு வந்தது. பத்து வருஷம் கழித்து, 1760-ல், ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். அவர்கள் மிச்சம் வைத்ததை 2004-ஆம் வருஷத்துச் சுனாமி வந்து இன்னும் கொஞ்சம் சிதைத்தது.

ஆக, கட்டடம் போய்விட்டது. அங்கே கொட்டுப்பிடி பிடித்தவன், உலை ஊதினவன், தராசு பிடித்தவன் எல்லோரும் பெயரில்லாமல் மறைந்தார்கள். எஞ்சியிருப்பது அவர்கள் அடித்த காசு ஒன்றுதான். அதிலும் பெரும்பகுதி உருகிப் போயிற்று. 1818-ல் சென்னை ராஜதானியில் கம்பெனியார் வராகனைத் தள்ளிவிட்டு ரூபாயையே பிரதான நாணயமாக வைத்து, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். செல்லாத காசு பத்தர் வீட்டு உலைக்குப் போவது உலக வழக்கம். வளையலாகவும் மோதிரமாகவும் மாறாமல் தப்பி வந்தவைதான் இன்று நம் கைக்கு அகப்படுகிற காசுகள். உலைக்குத் தப்பியது புளிக்குத் தப்ப வேண்டாமா?

இங்கே காசைப் பற்றி ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மொகலாயர் பாணியில் அந்நாளில் அடித்த ரூபாய்களில் அச்சு பெரியது, வெள்ளி வில்லை சிறியது. வில்லையை அச்சின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பான். அச்சிலுள்ள பாரசீக எழுத்து முழுவதும் காசில் விழாது. பாதி விழும், பாதி வெளியே போய்விடும். எந்த நாணயசாலை, எந்த வருஷம் என்று சொல்லுகிற எழுத்து பல காசுகளில் விளிம்பு ஓரமாகக் கால்வாசிதான் நிற்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்த ஆர்க்காட்டு ரூபாயில் ஒரு சின்னஞ்சிறு பிறை இருக்கும். பிறை தெரிந்தால் பிரெஞ்சு ரூபாய் என்று நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள். தேய்த்துத் தேய்த்துப் பிறை மறைந்துபோனால்? அது அமாவாசை ரூபாய். எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது.

சமீபத்தில் ஒரு நாணயக் கண்காட்சியில் ஒரு வியாபாரியின் மேஜைக்கு முன்னால் நின்றேன். எவர்சில்வர் டம்ளர் மாதிரிப் பளபளவென்று சில வெள்ளி ரூபாய்களை அடுக்கி வைத்திருந்தார்.

"இதெல்லாம் தேய்த்ததுதானே?" என்று கேட்டேன்.

"என்ன சார் பண்றது? கறுப்பா இருந்தா கையிலே எடுத்துப் பார்த்துட்டு வெச்சுட்டுப் போயிடறாங்க. பளபளன்னு இருந்தாத்தான் சார் போகுது" என்றார்.

அவர் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. வாங்குகிறவர் கேட்கிறதை விற்கிறவர் தருகிறார். என் கோபமெல்லாம் மேஜைக்கு இந்தப்புறம் நின்றிருந்த கூட்டத்தின் பேரில்தான். ஒவ்வொருவரும் ஒரு ரூபாயை எடுத்து, இரண்டு முகங்களையும் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தடவிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். சந்தையில் கத்தரிக்காயைக்கூட இப்படி அழுத்தினால் கடைக்காரம்மா சும்மா விடமாட்டாள்.

விரல் பட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். விரல் நுனியில் வெறும் தண்ணீர் இல்லை. உப்பு இருக்கிறது, லாக்டிக் அமிலம் இருக்கிறது, முகத்தையும் தலையையும் தொட்டதனால் ஒட்டிக்கொண்ட எண்ணெய்ப் பசை இருக்கிறது. ரேகையின் ஒவ்வொரு கோட்டிலும் இந்தக் கலவை காசின் மேல் அச்சாகிறது. முதல் சில நாட்கள் அது மேலே படிந்த அழுக்கு மட்டுமே. அப்புறம் உப்பு தன் வேலையைத் தொடங்கும். செம்பிலே சீக்கிரம்; வெள்ளியிலே சற்றுத் தாமதமாக; தங்கத்திலே மிகக் குறைவாக. உலோகமே ரேகையின் வடிவத்தில் அரிபட்டு நிறம் மாறிவிடும். அதற்குப் பிறகு அந்த ரேகை காசின் மேல் இருக்கும் பொருளல்ல; காசே அதுதான்.

இது வெறும் வாதம் அல்ல. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் போலீஸைச் சேர்ந்த ஜான் பாண்ட் என்ற விஞ்ஞானி, துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் விழுந்த விரல் ரேகையைத் துடைத்துக் கழுவிய பிற்பாடும் கண்டுபிடிக்க ஒரு வழியை 2008-ல் வெளியிட்டார். வியர்வை உலோகத்தை நுணுக்கமாக அரித்துவிடுகிறது. மின்சாரத்தை ஏற்றி ஒரு பொடியைத் தூவினால் அரிப்பு இருந்த இடத்தில் ரேகை தெரிகிறது. கொலைகாரன் துடைத்தே போகாத ரேகையா நம்முடைய புளிக்குப் போகப் போகிறது? புளி ரேகையைப் போக்குவதாகத் தெரிவதெல்லாம், சுற்றியுள்ள உலோகத்தையும் அதே ஆழத்துக்குக் கரைத்து மட்டப்படுத்திவிடுவதனால்தான்.

சரி, ஐயா, குற்றம் சொன்னது போதும், வழியைச் சொல் என்கிறீர்களா? சொல்கிறேன். இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

ரேகை புதியது என்றால் அசிட்டோன் என்ற திரவம் வேண்டும். சுத்தமான அசிட்டோனாக இருக்க வேண்டும். நகப்பூச்சு அழிப்பதற்கு விற்கிறார்களே, அது உதவாது. அதில் வாசனை, வர்ணம், எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்தாலும் கரையும். காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். அடுப்பும், சாமி விளக்கும், சிகரெட்டும் கிட்டே இருக்கக் கூடாது. பெட்ரோலைப் போலக் குப்பென்று பற்றிக்கொள்ளும் சரக்கு அது. காசை விளிம்பில் பிடித்து முதல் கிண்ணத்தில் இறக்கிச் சில நிமிஷம் விடுங்கள். திருப்பிப் போட்டு இன்னும் சில நிமிஷம். எண்ணெய்ப் பசை தானே கரைந்துவிடும். உப்பு அசிட்டோனில் கரையாது. ஆகையால் அதற்குப் பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை முழுக்காட்டுங்கள். ஈரம் நிற்காமலிருக்க, இரண்டாவது கிண்ணத்தில் உள்ள புது அசிட்டோனில் மறுபடியும் ஒரு முறை. பிறகு மெல்லிய துணியின் மேல் வைத்துத் தானாக உலர விடுங்கள். அவ்வளவுதான். இந்தக் காரியம் முழுவதிலும் 'தேய்' என்ற வினைச்சொல் ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பஞ்சினாலும் தேய்க்கக் கூடாது. பஞ்சு மெத்தென்றுதான் இருக்கும். அதனடியில் அகப்பட்ட ஒரு மணல் துகள் மெத்தென்று இருக்காது.

இதற்குப் போகாத ரேகை பழைய ரேகை. அதை விட்டுவிட வேண்டும். 'விட்டுவிடு' என்கிற இந்த ஒரு யோசனைதான் நம்மவர்களுக்குப் பிடிப்பதில்லை. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரக்கிறது. வெள்ளியைப் பளிச்சிட வைக்கிற அமிலக் கரைசல் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. முக்கி எடுத்தால் கறுப்பு மாயமாய் மறைகிறது. கூடவே, அச்சடித்த நாளில் உலோகம் அழுந்தி ஓடியதனால் உண்டான நுட்பமான பிரகாசமும் மறைகிறது. பிறகு அந்தக் காசு உயிரில்லாத வெள்ளையாக நிற்கும். பழகின கண் அதை உடனே கண்டுகொள்ளும். வெளிநாடுகளில் காசுகளைத் தரம் பிரித்துப் பெட்டியிலிட்டு முத்திரை வைக்கும் நிறுவனங்கள், இப்படிப்பட்ட காசுக்குத் தர எண் கொடுக்காமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிடுகின்றன. நம் ஊரில் புகழ்ச்சியாகத் தோன்றுகிற அந்த வாசகம் அங்கே தண்டனை. தேய்த்ததைச் சொல்லாமல் தேயாத விலைக்கு விற்பவருக்கு ஒரு வார்த்தை: நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன்.

"விளக்கையும் செம்பையும் புளி போட்டுத் துலக்குவது நம் கலாசாரம், அதைப் பழிக்கலாமா?" என்பது முதல் வாதம். யார் பழித்தார்கள்? விளக்கு தினம் எரிகிற பொருள். அதைத் துலக்குவது அதற்குச் செய்கிற மரியாதை. தேய்ந்தால் மாற்றி வேறு வாங்கலாம். கோயில்களில் உற்சவ மூர்த்திகளின் முகம்கூட அபிஷேகத்தில் மழுங்கித்தான் போகிறது. அங்கே வழிபாடு நடக்கிறது, நான் வாய் திறக்கவில்லை. காசுக்கு என்ன வழிபாடு நடக்கிறது? அதற்கு இன்று மிஞ்சியிருக்கிற ஒரே உபயோகம் படிக்கப்படுவது. எழுத்தை அழித்துவிட்டால் அந்த உபயோகமும் போயிற்று.

"ரேகையும் ஒரு மனிதனின் சுவடுதானே? சராப்புகள் குத்திய முத்திரையை மட்டும் சரித்திரம் என்கிறீர்கள், விரல் ரேகை சரித்திரமாகாதா?" என்பது இரண்டாவது வாதம். கொஞ்சம் கவிதை மணம் வீசுகிற வாதம். பழைய ஆர்க்காட்டு ரூபாய்களில் சின்னச் சின்னக் குத்துகள் இருப்பது வாஸ்தவம். வெள்ளி சுத்தமா என்று சோதித்துப் பார்த்த சராப்பு, 'நான் பார்த்துவிட்டேன்' என்பதற்கு அடையாளமாகத் தன் முத்திரையைக் குத்தினான். அது கையெழுத்துப் போட்ட சாட்சியம். போன ஞாயிற்றுக்கிழமை வடை தின்றுவிட்டு வந்து ஒருவர் பதித்த எண்ணெய்க் கட்டைவிரல் எதற்குச் சாட்சி? வடைக்குத்தான். அதைக் கழுவுவதில் ஒரு பாவமும் இல்லை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "சுத்தம் செய்யாமலே விட்டால் எதையும் படிக்க முடியாதே?" உண்மை. 'தினமலர்' ஆசிரியராக இருந்து 2021-ல் காலமான ஆர். கிருஷ்ணமூர்த்தி, 1980-களில் ஒரு செப்புக் காசின் மேல் 'பெருவழுதி' என்ற பாண்டியனின் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் கண்டு வெளிப்படுத்தினார். சங்க காலத்துப் பாண்டியர் காசு அடித்தார்களா என்ற விவாதத்துக்கு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு செப்புத் துண்டு பதில் சொல்லிற்று. களிம்பும் மண்ணும் மூடிக் கிடக்கிற அந்த மாதிரிக் காசுகளைச் சுத்தம் செய்யாமல் படிக்க முடியாதுதான். ஆனால் இந்த உதாரணம் என் கட்சிக்கே சாட்சி சொல்லுகிறது. எதைத் தேடுகிறோம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் செய்கிற காரியம் அது. அதே காசு ஒரு புளிக்கரைசல் நிபுணரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழுதியும் வழுக்கிப் போயிருப்பான்; ஒரு செம்பு வில்லை மிஞ்சியிருக்கும்.

தெரிந்தவர்கள் நமக்கு இல்லாமலும் போய்விடவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே ரசாயனப் பாதுகாப்புக்கூடம் அமைத்து, எஸ். பரமசிவன் என்ற நிபுணர் வெண்கல விக்கிரகங்களைக் களிம்பு நோயிலிருந்து மின்பகுப்பு முறையில் காப்பாற்றினார். நோய் என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. வெண்கல நோய் என்பதே அதன் பெயர். செம்போடு உப்பிலுள்ள குளோரைடு சேர்ந்துவிட்டால், ஈரக் காற்றுப் படப்படப் பச்சைப் பொடியாக உதிர்ந்து, உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகும். கடப்பாக்கத்துக்குத் தெற்கே மரக்காணத்தில் உப்பளங்கள் வெள்ளைவெளேரென்று பரந்து கிடக்கின்றன. அந்தக் கரை முழுவதும் காற்றே உப்பு. அங்கே மண்ணில் கிடந்த செப்புக் காசு ஏற்கெனவே நோயாளி. ஒருபுறம் லில்லிப் பூவும் மறுபுறம் தமிழில் 'புதுச்சேரி' என்றும் பொறித்த பிரெஞ்சுத் துட்டு ஒன்று அப்படிக் கிடைத்தால், அதன் மேல் எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் சேர்த்து ஊற்றுகிற புண்ணியவானை என்னவென்று சொல்வது! நோயை வெளியிலிருந்து தருவித்து ஊட்டுகிறார்.

மழை அடித்து மணல் கரைந்தால் கோட்டைப் பக்கம் பழங்காசு கண்ணில் படும் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். மண்ணுக்குள் மறைந்து கிடந்து அகப்பட்ட புதையலின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேலிருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். அதே சட்டம், சர்க்கார் அதை எடுத்துக்கொள்வதானால் உலோகத்தின் விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறது. செப்புக் காசுக்கு உலோக விலை என்ன தேறும்? ஒரு டீக்கும் காணாது. கரையில் வலை உலர்த்துகிற ஏழையிடம் 'சரித்திரத்தைக் காப்பாற்று' என்று சொல்லிவிட்டு, சரித்திரத்தை எடை போட்டு விலை கொடுத்தால் அவன் எப்படிக் காப்பாற்றுவான்? தேய்த்து, காரில் வருகிறவருக்கு விற்கத்தான் செய்வான். காசின் சரித்திர மதிப்புக்குத் தக்க வெகுமதியை, அதுவும் தேய்க்காமல் கொண்டுவந்து கொடுத்தவனுக்குக் கூடுதலாக, சர்க்கார் கொடுக்க வேண்டும். அதுவரையில் குற்றத்தில் பாதி சட்டத்தின் பேரில்தான்.

மற்றப் பாதி நம் பேரில். நாம் செய்யக்கூடியது மிகவும் சொற்பம், செலவும் இல்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் காசைத் தொடுங்கள். இரண்டு விரலால் விளிம்பில் பிடியுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். கீழே விழுந்தால் அடிபடாமலிருக்க அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதன் மேல் குனிந்து உரக்கப் பேசாதீர்கள். எச்சில் திவலையும் கறைதான். மெத்தென்ற பி.வி.சி. உறையில் போட்டு வைக்காதீர்கள்; நாளடைவில் அது கசிந்து பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். கண்காட்சி நடத்துகிறவர்கள் காசைக் கைக்குக் கை சுற்ற விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கறுத்த காசைக் கண்டால் முகம் சுளிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தாத்தாவின் தலை நரைத்திருக்கிறதே என்று சுண்ணாம்பும் மருதாணியுமாகக் கிளம்புகிறோமா? வெள்ளிக்குக் கறுப்பு அப்படித்தான். வயசு ஏறியதற்கு அதுவே அடையாளம். உள்ளிருக்கும் வெள்ளிக்கு ஓரளவு கவசமும் அதுவே.

நாளைக்கே நீங்கள் கடப்பாக்கத்துப் பக்கம் போகலாம். ஆலம்பரை மணலில் ஒரு பையன் ஓடிவந்து, "சார், பழைய காசு சார்!" என்று மூடின கையை நீட்டலாம். அந்தக் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். கட்டைவிரலால் தடவியும் பார்க்காதீர்கள். "தேய்க்காதே தம்பி, காகிதத்தில் மடித்து வை, தாசில்தார் ஆபீஸில் காட்டு" என்று சொல்லிக் கொடுங்கள். அவன் சிரிப்பான், சிரித்தால் சிரிக்கட்டும், இன்னொரு தரம் சொல்லுங்கள். இருநூற்றைம்பது வருஷமாக மண்ணும் கடலுப்பும் தின்றது போக அந்தக் காசில் நாலு எழுத்து மிஞ்சியிருக்கும். நெல்லிக்காயளவு புளி அதை ஐந்து நிமிஷத்தில் தின்றுவிடும்.